ஆற்றில் தேடியவர் மந்திரியானார்

கனடா தேசத்தின் நடுப்பாகத்தில் மானிடோபா என்று ஒரு மாகாணம். அதன் தலைநகர் வின்னிபெக். நகரத்தின் ஊடே ஓடும் ஆற்றுக்கு ரெட் ரிவர் என்று பெயர். சிவப்பாறு என்று பொருள். 2014 செப்டம்பரில் அந்த ஆற்றில் சிறு படகுகள் சில இறங்கின. படகிலிருந்தவர்கள் மீன் பிடிக்க வரவில்லை. இரும்புக் கொக்கிகளைச் சங்கிலியில் கட்டி, ஆற்றின் அடிமண்ணில் இழுத்துக்கொண்டே போனார்கள். காணாமற்போன தங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே கிடக்கிறார்களா என்று தேடினார்கள்.

தேட வேண்டியது யார்? போலீஸ். தேடியது யார்? பெண்ணைப் பறிகொடுத்த குடும்பங்கள்!

அந்தத் தேடலை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர் பெர்னடெட் ஸ்மித். பூர்வகுடிப் பெண்மணி. கல்வித் துறையில் பணியாற்றியவர். 2017 ஜூனில் பாயின்ட் டக்ளஸ் தொகுதியில் நடந்த உபதேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராக நின்று ஜெயித்து, மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார். 2023 அக்டோபரில் வீட்டுவசதி, போதைப் பழக்கத்திலிருந்து மீட்பு, வீடற்றோர் நலம் ஆகிய பொறுப்புகளைக் கொண்ட மந்திரியானார். அவரும் நஹானி ஃபோன்டைன் என்ற இன்னொரு பூர்வகுடிப் பெண்மணியும் ஒரே நாளில் பதவியேற்றார்கள். கனடாவில் முதற்குடிகள் என்று அழைக்கப்படும் மக்களிலிருந்து மானிடோபா மந்திரி சபையில் பெண்கள் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

மில்லில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியும், நடவு முடிந்து கரையேறும் விவசாயத் தொழிலாளியும் நம்மைக் கேட்கலாம்: "எங்கோ பனி கொட்டும் தேசத்தில் ஒரு அம்மாள் மந்திரியானால் நமக்கென்ன?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மண்ணைப் பறிகொடுத்த மக்கள், கூலிக்கு அலையும் மக்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காக்கவைக்கப்படும் மக்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் நம்முடைய மக்கள். அவர்கள் எப்படிப் போராடினார்கள், எதை வென்றார்கள், எது இன்னும் கைக்கு எட்டவில்லை என்று அறிந்துகொள்வது நமக்குப் பாடம். தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கும் தேசமும் அது. அந்த மண்ணின் முதல் சொந்தக்காரர்கள் யார், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கம்பெனி விற்ற நிலம்

பள்ளிப் புத்தகங்கள் "செவ்விந்தியர்" என்று பெயர் சூட்டிய மக்களின் மண் அது. நம் நாட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததுபோல, அங்கே ஹட்சன் விரிகுடாக் கம்பெனி வந்தது. 1670-ல் இங்கிலாந்து ராஜா ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். கடல் போல் பரந்த நிலம் கம்பெனியின் சொத்தாயிற்று. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுமார் இருநூறு ஆண்டு கம்பளித் தோல் வியாபாரம் செய்து கொழுத்த பிறகு, அந்தக் கம்பெனி மூன்று லட்சம் பவுனுக்கு அந்த நிலத்தைக் கனடா சர்க்காருக்குக் கைமாற்றியது. அப்போதும் மக்களை யாரும் கேட்கவில்லை.

கேட்காததை எதிர்த்து லூயி ரியேல் என்பவரின் தலைமையில் மெட்டீஸ் மக்கள் எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1870-ல் மானிடோபா தனி மாகாணம் ஆயிற்று. 1885-ல் ரியேலைத் தூக்கில் போட்டார்கள்.

1871-ல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வின்னிபெக் நிற்கும் நிலம் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்ததென்ன? குறுகிய ஒதுக்கு நிலங்கள்; தலைக்கு ஆண்டுக்கு மூன்று டாலர். 1875-ல் அது ஐந்து டாலராயிற்று. நூற்றைம்பது ஆண்டு கழிந்த பிறகும் அதே ஐந்து டாலர்தான் கொடுத்துவந்தார்கள்! கோதுமை விலை ஏறியது. ரயில் கம்பெனியின் லாபம் ஏறியது. நகரத்து மனை விலை எங்கோ போயிற்று. ஐந்து டாலர் மட்டும் அசையவில்லை. குத்தகையையும் வாரத்தையும் அறிந்த நமது விவசாயத் தோழர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

நிலம் போனதோடு நிற்கவில்லை. குழந்தைகளையும் பிடுங்கினார்கள். தங்கும் பள்ளிகள் என்ற பெயரில், தாய்மொழி பேசினால் தண்டனை என்ற விதியின் கீழ், சுமார் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பூர்வகுடிக் குழந்தைகளை அடைத்துவைத்தார்கள். 1990-களில்தான் கடைசிப் பள்ளி மூடப்பட்டது. தாயிடம் வளராத குழந்தைகள், தாயானபோது பட்ட துன்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே மாகாணம், இரண்டு வகைப் பெண்கள்

மானிடோபா ஆட்சியாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கனடாவிலேயே பெண்களுக்கு முதன்முதல் வாக்குரிமை கொடுத்த மாகாணம் அதுதான். ஆண்டு 1916.

யாருக்குக் கொடுத்தார்கள்? ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பூர்வகுடி மக்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மாகாண வாக்குரிமை 1952-ல்தான் வந்தது. கனடா பார்லிமெண்டுத் தேர்தலில் எந்த நிபந்தனையும் இல்லாமல் வாக்களிக்கும் உரிமை 1960-ல் வந்தது. முதற்குடி மக்களிலிருந்து ஒருவர் மானிடோபா சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எலைஜா ஹார்ப்பர் வந்தார். முதற்குடிப் பெண் ஒருவர் அங்கே உட்கார 2015 ஆயிற்று; அமண்டா லாத்லின் உபதேர்தலில் வென்று வந்தார். 1916 எங்கே, 2015 எங்கே? ஒரே மாகாணத்தில் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவே தொண்ணூற்றொன்பது ஆண்டு!

சட்டம் இன்னொரு கொடுமையும் செய்தது. 1876-ம் ஆண்டின் இந்தியர் சட்டம் என்று ஒன்று. பூர்வகுடிப் பெண் வெளியாளைக் கல்யாணம் செய்துகொண்டால் அவளுடைய பூர்வகுடி அந்தஸ்து பறிபோகும். பிறந்த ஊரில் குடியிருக்கும் உரிமையும் கூடவே போகும். ஆண் வெளியில் பெண்ணெடுத்தால் அவனுக்கு ஒன்றும் போகாது. வந்த மனைவிக்கும் அந்தஸ்து கிடைக்கும். பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் போனார்கள். அதன் பிறகே 1985-ல் அந்த விதி திருத்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பெண்கள் ஊரும் உறவும் இல்லாமல் நகரத்துத் தெருவுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள்.

இப்படித் தள்ளப்பட்ட பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? என்ன வீடு கிடைக்கும்? இரவில் அவள் காணாமற்போனால் யார் தேடுவார்கள்?

பதினாறு ஆண்டு மௌனம்

ஹெலன் பெட்டி ஆஸ்பார்ன் என்ற பத்தொன்பது வயதுப் பெண். மானிடோபாவின் வடபகுதியிலுள்ள நார்வே ஹவுஸ் என்ற ஊரில் பிறந்த கிரீ இனத்தவர். ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசையோடு தி பா என்ற சிறு நகரத்துக்குப் படிக்க வந்தவர். 1971 நவம்பரில் நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள் அவரைக் காரில் இழுத்துப்போட்டுக் கொண்டுபோனார்கள். அவர் கொலையுண்டார்.

செய்தவர்கள் யார் என்று ஊரில் பலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஊர் வாயைத் திறக்கவில்லை. பதினாறு ஆண்டு! 1987-ல்தான் வழக்கு முடிந்தது. நால்வரில் ஒருவனுக்கு மட்டுமே தண்டனை. ஒருவன் விடுதலை. ஒருவன் சாட்சி சொன்னதற்காக மன்னிக்கப்பட்டான். ஒருவன்மீது வழக்கே இல்லை.

மக்களின் கொந்தளிப்புக்குப் பயந்து 1988-ல் மாகாண சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்தது. 1991-ல் ரிப்போர்ட் வந்தது. இனத்துவேஷமும், பெண் என்ற இளக்காரமும், அலட்சியமும் சேர்ந்து செய்த காரியம் இது என்று கமிஷன் எழுதியது. பூர்வகுடிப் பெண்ணாகப் பிறந்திராவிட்டால் அவர் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்றும் தெளிவாகச் சொன்னது.

ரிப்போர்ட் அலமாரியில் ஏறியது. பெண்கள் தொடர்ந்து காணாமற்போனார்கள்.

2008 ஜூலையில் பெர்னடெட் ஸ்மித்தின் தங்கை வின்னிபெக்கில் காணாமற்போனார். வயது இருபத்தொன்று. நான்கு குழந்தைகளின் தாய். கடைசிக் குழந்தை அப்போது கைக்குழந்தை. குடும்பத்தார் தெருத்தெருவாகத் தேடினார்கள், சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள், போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்கினார்கள். போலீஸ் மெத்தனமாக இருந்தது என்று அவர்கள் முறையிட்டார்கள்.

ஸ்மித் தன் வீட்டுத் துக்கத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. அவரைப் போலப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப்போனார். ஒன்றுசேர்த்தார். ஆண்டுதோறும் கூட்டம் நடத்தினார்கள். பெயர்களைச் சொல்லிச் சொல்லி நாட்டுக்கு நினைவூட்டினார்கள். ஜேமி பிளாக் என்ற மெட்டீஸ் கலைஞர் வெறும் சிவப்பு உடுப்புகளை மரக்கிளைகளில் தொங்கவிட்டார். உள்ளே ஆளில்லாத சிவப்பு உடுப்பு! பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது நாடெங்கும் பரவியது.

போலீசே கொடுத்த கணக்கு

"மிகைப்படுத்துகிறார்கள்" என்றனர் அதிகாரிகள். 2014-ல் கனடாவின் தேசியப் போலீஸ் படையே ஒரு கணக்கு வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் 1,017. காணாமற்போய்த் தகவலில்லாதவர்கள் 164. மொத்தம் 1,181. நாட்டுப் பெண்களில் பூர்வகுடிப் பெண்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். கொலையுண்ட பெண்களிலோ நூற்றுக்குப் பதினாறு பேர். மானிடோபாவில் இன்னும் பயங்கரம். அந்த ஆண்டுகளில் அங்கே கொலையுண்ட பெண்களில் ஏறத்தாழச் சரிபாதி பேர் பூர்வகுடிப் பெண்கள்! இது போலீஸ் ஒப்புக்கொண்ட கணக்கு. போலீசுக்கு எட்டாதது எவ்வளவோ என்கிறார்கள் குடும்பத்தார்.

தேசிய விசாரணை வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அன்றைய பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் என்ன சொன்னார்? இது சமூகப் பிரச்னை அல்ல, வெறும் குற்றம். போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். அந்த ஆண்டின் முடிவில் வந்த பேட்டியில், விசாரணை தமது சர்க்காருக்கு அவ்வளவு முக்கியமான விஷயமல்ல என்று பச்சையாகவே சொன்னார். 2015-ல் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2016-ல் விசாரணை தொடங்கியது. 2019 ஜூனில் 231 கோரிக்கைகளோடு அறிக்கை வந்தது.

அதே 2014 ஆகஸ்டில்தான் வின்னிபெக் ஆற்றிலிருந்து டினா ஃபோன்டைன் என்ற பதினைந்து வயதுச் சிறுமியின் உடலை எடுத்தார்கள். போர்வையில் சுற்றிக் கல்லைக் கட்டி எறிந்திருந்தார்கள். அதையும் போலீஸ் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வேறொருவரைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. அந்தச் சிறுமி சர்க்காரின் குழந்தை நல இலாகா பாதுகாப்பில் இருந்தவள். இலாகா அவளை ஹோட்டல் அறையில் வைத்திருந்தது. கடைசி நாட்களில் போலீஸ்காரர்கள் அவளைப் பார்த்தார்கள், போக விட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் காக்கவில்லை. 2018-ல் குற்றஞ்சாட்டப்பட்டவனை ஜூரி விடுதலை செய்தது.

அந்தச் சிறுமியின் உடலைக் கண்ட பிறகுதான் ஸ்மித்தும் மற்றவர்களும் கொக்கிகளோடு ஆற்றில் இறங்கினார்கள். ஆறு இன்னும் எத்தனை பேரை மறைத்துவைத்திருக்கிறது என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்

இங்கே ஒரு கசப்பான உண்மையை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2008-ல் ஸ்மித்தின் தங்கை காணாமற்போனபோது மானிடோபாவை ஆண்டது யார்? 2014-ல் டினாவை ஹோட்டல் அறையில் வைத்த இலாகா யாருடைய ஆட்சியில் இருந்தது? 1999 முதல் 2016 வரை பதினேழு ஆண்டு அங்கே ஆண்டது புதிய ஜனநாயகக் கட்சிதான். தொழிற்சங்கங்களின் ஆதரவோடு வளர்ந்த கட்சி. தொழிலாளர் நலம் பேசும் கட்சி. பிற்பாடு ஸ்மித் சேர்ந்த அதே கட்சி.

கட்சியின் பெயர் நல்லதாக இருந்தது. வாக்குறுதிகளும் இருந்தன. ஆனால் குழந்தைகள் ஹோட்டலில் கிடந்தார்கள். சர்க்கார் பராமரிப்பிலிருந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பூர்வகுடிக் குழந்தைகள். நாடே பொங்கியெழுந்த பிறகு, 2015-ல்தான் வின்னிபெக்கில் குழந்தைகளை ஹோட்டலில் வைக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? நாற்காலி தானாக எதையும் தேடாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நம்மவர் என்று நாம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், அந்த நாற்காலி பழைய வேலையையே செய்யும். வெளியே மக்கள் நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உழைப்பாளிகளின் தொகுதி

ஸ்மித்தை அனுப்பிய பாயின்ட் டக்ளஸ் தொகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வின்னிபெக் நகரத்தை ரயில் பாதை இரண்டாக வெட்டுகிறது. அதை ஒட்டிய வடபகுதி ஆதியிலிருந்தே உழைப்பாளிகளின் இருப்பிடம். உக்ரேனியர், யூதர், போலந்துக்காரர் என்று பஞ்சம் பிழைக்க வந்த தொழிலாளர் நிறைந்த இடம். அவர்களுக்குப் பின் ஒதுக்கு நிலங்களிலிருந்து வேலை தேடி வந்த பூர்வகுடி மக்கள் அங்கே குடியேறினார்கள்.

1919 மே 15 அன்று இந்த நகரத்தில் பொதுவேலை நிறுத்தம் வெடித்தது. முதலில் வேலையை விட்டு எழுந்தவர்கள் யார் தெரியுமா? டெலிபோன் ஆபீசில் வேலை செய்த பெண்கள்! அவர்களைத் தொடர்ந்து சுமார் 30,000 தொழிலாளர்கள் ஆறு வாரம் நகரத்தை நிறுத்திவைத்தார்கள். ஜூன் 21 அன்று குதிரைப் போலீஸ் சுட்டது. இருவர் மாண்டார்கள். தலைவர்களைச் சிறையில் தள்ளினார்கள். மறு ஆண்டு நடந்த மாகாணத் தேர்தலில் சிறையிலிருந்த தலைவர்கள் மூவரை மக்கள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள்! கம்யூனிஸ்டான ஜோ சூக்கனை 1941 முதல் 1983 வரை பள்ளி நிர்வாக சபைக்கும் நகரசபைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பியதும் இந்த வடபகுதி மக்கள்தான்.

அடிபட்டவர்களைச் சபைக்கு அனுப்பும் வழக்கம் அந்த மக்களுக்குப் பழையது. அவர்கள் 2017-ல் அனுப்பியவர் தங்கையைப் பறிகொடுத்த பெண்மணி. ஆறு ஆண்டுக்கு மேல் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார். 2019-லும் 2023-லும் மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

குப்பை மேட்டில் ஒரு பரீட்சை

ஆற்றில் எழுந்த அதே கேள்வி 2022-ல் குப்பை மேட்டில் எழுந்தது. அந்த ஆண்டு வின்னிபெக்கில் நான்கு பூர்வகுடிப் பெண்களை ஒருவனே கொன்றான். அவர்களில் ஒருவரின் உடற்பகுதி நகரத்துக் குப்பை மேட்டில் கிடைத்தது. இருவர் நகருக்கு வெளியே பிரெய்ரி கிரீன் என்ற இடத்திலுள்ள குப்பை மேட்டில் புதைந்திருக்கிறார்கள் என்று போலீசுக்கே தெரிந்திருந்தது. நான்காவது பெண் யாரென்றே அப்போது தெரியவில்லை. பெயரில்லாமல் விடக்கூடாது என்று பூர்வகுடி மூதாட்டிகள் அவருக்கு "காட்டெருமைப் பெண்" என்று பெயர் சூட்டினார்கள்.

இடம் தெரியும். ஆனால் தேட முடியாது என்று 2022 டிசம்பரில் போலீஸ் கைவிரித்தது. பெண்களின் மகள்மார் தலைநகர் ஒட்டாவாவுக்கே போய் முறையிட்டார்கள். தேடுவது சாத்தியமா என்று ஆராய்ந்த குழு, சாத்தியம்தான், ஆனால் 18 கோடியே 40 லட்சம் டாலர் வரை ஆகலாம் என்றது.

அப்போது ஆட்சியிலிருந்தது முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி. பெயரில் முற்போக்கும் உண்டு, பிற்போக்கும் உண்டு. குப்பை மேட்டு விஷயத்தில் எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. 2023 ஜூலையில் தேட மாட்டோம் என்று அறிவித்தார்கள். காரணம் கேட்டால், குப்பையில் விஷப் பொருள்கள் இருக்கின்றன, தேடும் தொழிலாளர்களின் ஆரோக்கியம் கெட்டுவிடும் என்றார்கள்! முதலாளித்துவ சர்க்காருக்குத் தொழிலாளியின் நுரையீரல்மீது திடீரென்று வந்த கரிசனத்தைப் பார்த்தீர்களா, தோழர்களே! பஞ்சுத் தூசியை விழுங்கி இருமும் நமது மில் தோழர்களுக்கு இந்தக் கரிசனத்தின் விலை தெரியும்.

குடும்பத்தார் குப்பை மேட்டின் பாதையை மறித்தார்கள். கோர்ட்டு உத்தரவு வாங்கி அப்புறப்படுத்தினார்கள். உடனே நகரத்தின் நடுவேயுள்ள மனித உரிமை மியூசியத்தின் வாசலில் கூடாரம் போட்டார்கள். உள்ளே மனித உரிமைக்குக் கண்காட்சி. வெளியே மனித உடலைத் தேடித் தரச் சொல்லி மகள்மார்!

தேர்தல் வந்தது. ஆளும் கட்சி வெட்கமில்லாமல் அதையே ஓட்டு வேட்டைக்குப் பயன்படுத்தியது. 18 கோடி டாலர் செலவில் குப்பை தோண்டுவதை எதிர்த்து உறுதியாக நிற்கிறோம் என்று விளம்பரம் போட்டது. வரி கொடுப்பவனையும் துக்கம் கொண்டவனையும் மோதவிட்டு ஓட்டுப் பொறுக்கும் பழைய தந்திரம். அது பலிக்கவில்லை. 2023 அக்டோபரில் 57 இடங்களில் 34 இடங்களைப் புதிய ஜனநாயகக் கட்சி வென்றது. வாப் கினூ முதன் மந்திரியானார். கனடாவில் முதற்குடி மக்களிலிருந்து மாகாண முதன் மந்திரியான முதல் மனிதர். அந்த மந்திரி சபையில்தான் ஆற்றில் கொக்கி இழுத்த ஸ்மித் உட்கார்ந்தார்.

2024 மார்ச்சில் மாகாண சர்க்காரும் கனடா சர்க்காரும் சேர்ந்து 4 கோடி டாலர் ஒதுக்கின. 2024 டிசம்பரில் கையால் தேடும் வேலை தொடங்கியது. 2025 பிப்ரவரியில், மூன்று மாதத்துக்குள், மனித எச்சங்கள் கிடைத்தன. மார்ச் மாதத்தில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். அதே மார்ச்சில் "காட்டெருமைப் பெண்" யாரென்றும் தெரியவந்தது. அவரையும் தேடுவதாகச் சர்க்கார் அறிவித்தது. தோற்ற கட்சியின் தலைவர் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார்.

முடியாது என்றது முடிந்தது! பணமில்லை என்றவர்களின் வாய் அடைத்தது. ஆபத்து, அசாத்தியம், செலவு என்று அடுக்கிய காரணங்களெல்லாம் மூன்று மாதத்தில் உதிர்ந்தன. குறையாக இருந்தது மனம் ஒன்றுதான். அந்த மனத்தை உண்டாக்கியது மகள்மாரின் கூடாரம்.

பாராட்டுகிறோம், கேள்வியும் கேட்கிறோம்

ஸ்மித் அம்மையாரை மனமாரப் பாராட்டுகிறோம். தன் துக்கத்தைப் பொதுத் துக்கமாகக் கண்டவர். தனியே அழாமல் மற்றவர்களைச் சேர்த்தவர். மந்திரியாகப் பதவியேற்ற அன்றும் அவர் தங்கை கிடைத்திருக்கவில்லை. அந்த வெறுமையைச் சுமந்துகொண்டே ஊருக்கு உழைப்பவரை வணங்குவது நமது கடமை.

ஆனால் நாம் தனிமனிதரைத் துதிபாடும் பத்திரிகையல்ல. கேட்க வேண்டியதையும் கேட்கிறோம்.

2023-ல் அவர் கைக்கு வந்த இலாகா வீட்டுவசதி இலாகா. வின்னிபெக் ஆற்றங்கரையிலே வீடில்லாத ஏழைகள் பனியிலும் கூடாரமடித்துக் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடி மக்கள். 2025 ஜனவரியில் அவர்களைக் கூடாரத்திலிருந்து வீடுகளுக்கு மாற்றும் திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் திட்டத்தை அளக்கும் கோல் அறிவிப்பு அல்ல. பூட்டுச் சாவியோடு எத்தனை பெண்கள் தங்கள் பெயரில் ஒரு கதவு பெற்றார்கள் என்பதே கோல். சொந்தமாகக் கதவுள்ள பெண்ணைத் தெருவிலிருந்து தூக்கிப்போவது எளிதல்ல. நாள் கூலிக்கு உத்தரவாதமுள்ள பெண் கண்டவன் காரில் ஏற வேண்டியதில்லை. குழந்தையைப் பிடுங்காத சர்க்கார் இருந்தால் தாய் பித்துப்பிடித்து அலைய வேண்டியதில்லை.

இறந்தவர்களைத் தேடித் தருவது நியாயத்தின் முதல் படி. அந்த முதல் படிக்கே 1971 முதல் 2025 வரை போராட வேண்டியிருந்தது. இரண்டாவது படி, உயிரோடிருப்பவர்கள் காணாமற்போகாமல் காப்பது. அதற்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், பறித்த நிலத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். மூன்று லட்சம் பவுனுக்குக் கம்பெனி விற்ற நிலத்தின் கணக்கு இது. ஐந்து டாலரில் முடித்துவிட முடியாத கணக்கு. மந்திரி சபையில் இரண்டு நாற்காலிகளோடும் இது தீர்ந்துவிடாது. நிலத்தையும் கனியையும் காட்டையும் ஆளும் பெரிய கம்பெனிகளை எதிர்க்கும் தைரியம் எந்தச் சர்க்காருக்கு வருகிறதோ, அன்றுதான் தீரத் தொடங்கும். அந்தத் தைரியம் மேலிருந்து வராது. வின்னிபெக் வடபகுதியின் தெருக்களிலிருந்து வர வேண்டும்.

நமக்குள்ள பாடமும் இதுவே. நம்மவரைச் சபைக்கு அனுப்புவோம். சபைக்கு அனுப்பிவிட்டோம் என்று ஓய்ந்துவிட மாட்டோம். சங்கத்தைக் கலைக்க மாட்டோம். கொடியை மடித்து வைக்க மாட்டோம். ஆற்றில் இழுத்த கொக்கியைக் கரையில் போட்டுவிட்டுப் போகாத அந்தக் குடும்பங்களைப் போல நாமும் பிடியை விடாமல் இருப்போம்.

தேடுங்கள் என்று கேட்டவர்கள் வென்றார்கள். இனி எந்தப் பெண்ணும் காணாமற்போகாத வாழ்வு வேண்டும் என்று கேட்கும் அவர்களுடைய குரலோடு நமது குரலையும் சேர்க்கிறோம்.